மூன்றாவது ஆலை

அக்கா,

என்னை இந்த மடலை எழுத உட்கார வைத்தது ஒருவருடைய மூக்கு.

சென்ற மாதம் மெல்பர்ன் நகருக்குள், யாரா ஆறு தெரிகிற ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், நம் கம்பெனியை விலைக்குக் கேட்டவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். ஆலையிலிருந்து நேராகக் கிளம்பியதால் உடை மாற்றவில்லை. என் கம்பளிச் சட்டையில் அவித்த மாவின் வாசனை அப்படியே இருந்தது. ஈரத் துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் எழுமே, ஏறக்குறைய அந்த வாசனை. எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் ஆனந்த். சென்னைக்காரர். தமிழ் பேசுகிற ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு, "மேடம், ஏதோ ஸ்மெல் வருதே, உங்களுக்கு வருதா?" என்று கேட்டார்.

"அதத்தான் நீங்க வாங்க வந்திருக்கீங்க," என்றேன்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. பேச்சு முடிந்து கீழே இறங்கும்போது லிஃப்டில் அழுதேன். என்ன பேசினோம், என்ன முடிவு செய்தோம் என்பதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு எதுவும் முடிந்ததாகத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வழக்கு இருக்கிறது, அதைத் தீர்த்துவிடலாம். உங்கள் இறுதிச் சடங்கில் பேசினவர்கள் எல்லாம் உங்களைப் பூ மாதிரி மனசுக்காரி என்றார்கள். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர் என்றார் ஒருவர். நான் இரண்டாம் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேரைக் கடிந்து பேசியிருக்கிறீர்கள். அப்படிப் பேசினவரே அதில் ஒருவர். செத்துப்போனால் ஒரு பெண்ணை உடனே இனிப்பாக்கிவிட வேண்டுமா என்ன? உங்கள் குணம் உறைப்பு. அந்த உறைப்பு இல்லாவிட்டால் அந்த ஆலை இல்லை. இதை மைக்கில் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இப்போது எழுத்தில் சொல்கிறேன்.

முதன்முதலாக நான் உங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பழைய நீராவி அடுப்பைப் பழுது பார்க்க. நான் வேலை பார்த்த இடம் உணவுத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கிற கம்பெனி. ஏதோ பேக்கரி மூடிக் கைமாறிய அடுப்பை நீங்கள் வாங்கி, மெல்பர்ன் புறநகரான ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுக் கராஜுக்குள் வைத்திருந்தீர்கள். அதில் ரொட்டி சுடுவீர்கள் என்று நினைத்து வந்தேன். உள்ளே தட்டுத் தட்டாக, துணி விரித்து, வெறும் கோதுமை மாவு வெந்துகொண்டிருந்தது. தண்ணீர்கூடச் சேர்க்காத உலர்ந்த மாவு.

"ஏனுங்க்கா, மாவ எதுக்கு வேக வெக்கறீங்க? அதுல பலகாரம் செஞ்சா மறுபடி வேக வெக்கத்தானே போறீங்க?" என்று கேட்டேன். கோயம்புத்தூரில் பொறியியல் படித்துவிட்டு வந்த மிதப்பு அந்தக் கேள்வியில் இருந்தது.

நீங்கள் அரிதட்டுச் சல்லடையில் சூடு மாவைக் கொட்டி, இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டே சொன்னீர்கள். "ஒருக்கா அவிச்சா அது களி, தங்கச்சி. ரெண்டு தரம் அவிச்சாத்தான் புட்டு. அவிச்ச கையோட அரிச்சுப்போட வேணும், ஆற விட்டா இறுகிப்போம். அடுப்பை நீர் பாரும்."

அடுப்பைப் பார்த்தேன். மதியம் நீங்கள் கொடுத்த புட்டையும் சாப்பிட்டேன். உதிரி உதிரியாக, விரலில் ஒட்டாமல் இருந்தது. கோதுமை மாவில் புட்டு வருமென்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் வாங்க வேண்டிய கூலியை வாங்க மறந்துவிட்டேன் என்று நீங்கள் கடைசிவரை கேலி செய்தீர்கள்.

யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை பார்த்தவர் நீங்கள். இங்கே வந்து யார் யாரோ கடைகளில் சாமான் அடுக்கி, பிறகு வீட்டில் மாவு அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினீர்கள். அதோடு திருப்திப்பட்டிருந்தால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் இருந்திருக்குமோ என்னவோ. ஆனால் ஒரு நாள் ஸ்பிரிங்வேல் கடை ஒன்றின் அலமாரி முன்னால் நின்று உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து இறக்குமதியான அவித்த மா பைக்கற்றைக் கையில் எடுத்து எனக்குக் காட்டினீர்கள்.

"இது எந்த நாட்டுக் கோதுமை தெரியுமா? எங்கட நாட்டில கோதுமை விளையாது. இஞ்ச இருந்துதான் கப்பல்ல போறது. அங்க மாவாகி, அவிஞ்சு, பைக்கற்றுக்குள்ள போய், திரும்பவும் கப்பல்ல ஏறி இஞ்ச வந்து நிக்குது. நாங்கள் அதை வாங்கித் தின்னிறம். விசர் வேலை."

எல்லாப் பைக்கற்றும் அப்படி வந்ததா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கோபம் சரியான கோபம் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. கோதுமை விளைகிற இடத்திலேயே ஓர் ஆலை போட்டு, அங்கேயே அரைத்து, அங்கேயே அவித்தால் என்ன என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

இப்படித்தான் நாம் ஊர் ஊராகக் காரில் சுற்றினோம். மெல்பர்னிலிருந்து வடமேற்கே மூன்று மணி நேரம் ஓட்டிப்போனால் வரும் அந்த ஊரைக் கண்டுபிடித்தது நீங்கள்தான். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள். குடியேற்றக் காலத்தில் உருவான கோதுமை ஊர். ரயில்பாதை, தேவாலயம், மதுக்கடை, அதன் பக்கத்தில் கருங்கல்லில் கட்டின மூன்று மாடி ஆலை. கூரையில் புறாக்கள், உள்ளே ஒன்றுமில்லை. கவுன்சிலுக்குச் சொந்தமான அந்தக் கட்டடத்தை என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரியவில்லை.

அங்கேதான் கிரஹாமைச் சந்தித்தோம். ஊருக்கு வெளியே கோதுமை போடுகிற விவசாயி. நாம் ஆலையின் பூட்டிய கதவில் கண்ணை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது, நாம் எதையோ திருட வந்தவர்கள் என்று நினைத்து வண்டியை நிறுத்தினார். அரை மணி நேரத்தில் தன் பரம்பரைக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். முதலில் அந்த ஊரில் ஆலையே கிடையாதாம். விளைந்த கோதுமையை வண்டி கட்டி எங்கோ இருந்த பெரிய ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆலைக்காரர் சொன்னதுதான் விலை. அதே கோதுமையை மாவாகத் திரும்ப வாங்கும்போதும் அவர் சொன்னதுதான் விலை, அதுவும் பல சமயம் வண்டு விழுந்த மாவு. பொறுக்க முடியாமல் ஊர் விவசாயிகள் எல்லோரும் பங்கு போட்டு, தங்களுக்கென்று ஓர் ஆலைக் கம்பெனியைத் தொடங்கியிருக்கிறார்கள். கல்லைக்கூட அவர்களே இழுத்து வந்தார்களாம்.

"பிறகு ஏன் மூடினது?" என்று நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டீர்கள்.

நகரத்துப் பெரிய ஆலை ஒன்று நல்ல விலைக்குக் கேட்டது, பங்குதாரர்கள் விற்றார்கள், அறுவடை ஒன்று முடிவதற்குள் வாங்கினவர்கள் இதை இழுத்துப் பூட்டிவிட்டார்கள் என்றார் கிரஹாம். விற்பதற்குக் கையெழுத்துப் போட்டவர்களில் அவருடைய கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். "எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் இன்றுவரை அவரைத் திட்டுகிறோம்," என்றார். அந்த மனிதரை நமக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

எல்லோருக்கும் நம்மைப் பிடிக்கவில்லை. கட்டடத்தைக் குத்தகைக்குக் கேட்டு நாம் மனுப் போட்டதும் ஊரின் பாரம்பரியக் குழு எதிர்த்தது. நீராவியால் சுவர் கெடும் என்றார்கள். சமையல் வாசனை கல்லில் ஏறிவிடும் என்றார்கள். ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நான் நீராவியை வெளியேற்றும் குழாய்களுக்கு வரைபடம் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, ஈரப்பதம், காற்றோட்டம் என்று பேசினேன். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழுத் தலைவர் எழுந்து, இது வெறும் கட்டடம் இல்லை, இந்த மாவட்டத்தின் முதல் ஆலை, முன்னோடிகளின் வியர்வை, இதை அந்த மரியாதையோடு வைத்திருக்க வேண்டும் என்றார். கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய்விடலாம் அக்கா என்று உங்கள் காதில் சொன்னேன்.

"சும்மா இரும்," என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள்.

உங்கள் ஆங்கிலத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். அதன் காரம் முழுதாக வராது. அந்த மாப் பைக்கற்றைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தீர்கள். அந்தக் கோதுமையின் கப்பல் பயணத்தைச் சொன்னீர்கள். பிறகு சொன்னீர்கள்: "தங்கள் கோதுமையை யாரோ அரைத்துத் தங்களுக்கே விற்கிறார்கள் என்று உங்கள் கொள்ளுத்தாத்தாக்களுக்குக் கோபம் வந்தது. இந்த ஆலையைக் கட்டினார்கள். எனக்கும் அதே கோபம்தான் வருகிறது. அவர்களுக்கு வந்தால் அது வரலாறு, எனக்கு வந்தால் அது வாசனையா?"

தலைவர் விடவில்லை. இருக்கட்டும் அம்மணி, ஆனாலும் இது முதல் ஆலை, அந்தச் சிறப்பு இதற்கு உண்டு என்றார்.

"முதல் ஆலையா?" என்று கேட்டீர்கள். "முதல் ஆலை உங்கள் மியூசியத்தில் கீழ்த்தட்டில் இருக்கிறது. நடுவில் குழி விழுந்த அரைக்கிற கல். இந்த மண்ணின் பெண்கள் அதில் புல் விதையை அரைத்து மாவாக்கினார்கள் என்று நீங்களே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். மேலே தூசி. அதுதான் முதலாவது. நீங்கள் இரண்டாவது. நாங்கள் மூன்றாவது. இரண்டாவதாக வந்தவர் மூன்றாவதாக வந்தவரைப் பார்த்து என்ன சொல்லப்போகிறார்?"

கடைசி வரிசையில் ஒருவர் உரக்கச் சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். அந்த மண்ணின் ஆதிக்குடியைச் சேர்ந்த பெண்மணி, கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். சிரித்து முடித்துவிட்டு எழுந்து நின்று, அந்தக் கல்லைப் பற்றி இந்த மண்டபத்தில் யாராவது பேசி இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றார். பிறகு தலைவரைப் பார்த்து, தூசி தட்டுவது யார் பொறுப்பு என்று கேட்டார். கிரஹாம் சிரிப்பை மறைக்கத் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டார். குத்தகை ஒரு வருடப் பரீட்சைக்கு என்று கிடைத்தது.

வெளியே வந்ததும், "மியூசியத்துக்கு எப்பக்கா போனீங்க?" என்று கேட்டேன். "குழாய்ப் படம் நீர் கீறிக்கொண்டு இருந்த நேரம்," என்றீர்கள். உங்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கார்ச் சாவியை என்னிடம் தந்து, "நீர் ஓட்டும்," என்றீர்கள். பயமில்லாமல் பேசினீர்கள் என்றுதான் கிரஹாம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த நடுக்கத்தைப் பார்த்தது நான் மட்டும்.

பங்கு சேர்த்தோம். குடும்பத்துக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான் என்று விதி வைத்தீர்கள். பணம் உள்ளவர்கள் முகம் கோணினார்கள்; நீங்கள் கண்டுகொள்ளவில்லை. நான் வேலையை விட்டேன். "பிஆர் விசா வாங்கி, வீடு வாங்கி, கடைசில மாவு மில்லு வெக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? அத ஊர்லயே வெச்சிருக்கலாமே," என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவரே பிறகு வார இறுதிகளில் வந்து மூட்டை தைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த முதல் வெள்ளிக்கிழமை.

நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் எரிச்சலும் வருகிறது. கிரஹாமின் கோதுமையை அரைத்தாயிற்று. நீராவி அறையில் மாவை ஏற்றியாயிற்று. பங்குதாரர்கள் ஸ்பிரிங்வேலிலிருந்து பஸ் பிடித்து, பட்டுச் சேலையோடு வந்திறங்கிவிட்டார்கள். பத்து மணிக்குள் மாவை வெளியே எடுத்துச் சல்லடை இயந்திரத்தை ஓட்டிவிட வேண்டும், ஏனென்றால் சுவரில் தொங்கிய கடைக் காலண்டரின்படி வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்குகிறது. என் நீராவிக் குழாயில் ஒரு வால்வு சிக்கிக்கொண்டது. மாவு வெந்து வெளியே வரும்போது மணி பத்தே முக்கால்.

ராகு காலத்தில் தொடங்கக் கூடாது என்றார்கள் ஒரு பாதிப் பேர். மறு பாதிப் பேர், அது ஊர் ராகு காலம், இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார்கள், கோயில் பஞ்சாங்கப்படி பதினொன்றரைக்குத்தான் தொடங்குகிறது, அதனால் இப்போதே அரியுங்கள் என்றார்கள். சூரியன் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்று ஒருவர் கேட்டார். குருக்களுக்குப் போன் போட்டார்கள். அவர் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அந்த அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வாழ்நாள் முழுவதும் மாவு அவித்தவர்கள். ஆற விட்டால் இறுகும் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் ராகு காலத்தில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பதும் அத்தனை பேருக்கும் தெரியும். கடைசியில் சண்டை வேண்டாம் என்று இரண்டு ராகு காலமும் முடியட்டும் என்று முடிவு செய்தது யார்? நீங்கள்தான் அக்கா. கம்பெனியின் தலைவி.

ஒன்றே காலுக்குத் தட்டுகளைத் திறந்தோம். மாவு பலகை பலகையாக இறுகிப் போயிருந்தது. கிரஹாம் ஒரு பலகையைத் தூக்கித் தரையில் போட்டுப் பார்த்தார்; உடையவில்லை. இது எப்படிச் சமைப்பது என்று மரியாதையாகக் கேட்டார். பாரம்பரியக் குழுத் தலைவர் மரியாதைக்காக வந்திருந்தவர், ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீங்களும் கவனித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். முகம் கறுத்துவிட்டது உங்களுக்கு.

மாவு முழுவதும் கிரஹாமின் ஆடுகளுக்குப் போயிற்று. திரும்பி வர பஸ்ஸில் ஏறினோம். மூடிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பாதி வழியில் நீங்கள் எழுந்து, முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னீர்கள்.

"எல்லாரும் கேளுங்கோ. பிழை என்ர. நாள் பாத்துக் கெட்டுப்போனம். இனி வாற வெள்ளி, சரியா ராகு காலத்திலதான் அவிக்கிறது. எந்த ராகு காலமெண்டாலும் பரவாயில்லை, ரெண்டுக்கும் நடுவில. விருப்பமில்லாதவை வீட்டில இருங்கோ."

அடுத்த வெள்ளி பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் விபூதி பூசிக்கொண்டு வந்தார்கள். ராகு காலத்தின் நட்ட நடுவில் மாவு வெளியே வந்தது, கையோடு சல்லடையில் விழுந்தது, பஞ்சு மாதிரி இறங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை வெள்ளிக்கிழமை மாவு அவிப்பது ராகு காலத்தில்தான். புதிதாக வேலைக்குச் சேருகிற உள்ளூர்ப் பெண்கள் அது ஏதோ தமிழர்களின் புனிதமான நேரம் என்று நினைத்துக்கொண்டு அந்த நேரத்தில் சத்தம் போடாமல் வேலை செய்கிறார்கள். நான் திருத்தவில்லை.

நல்ல வருடங்கள் வந்தன. வறட்சி வந்த வருடம் கிரஹாமிடம் கோதுமையே இல்லாமல் ஆலை பாதி நாள் சும்மா கிடந்தது. அப்போதும் ஆட்களை நிறுத்தவில்லை நீங்கள்; சுவருக்கு வெள்ளை அடிக்க வைத்தீர்கள். சிட்னியிலிருந்து, மெரிலேண்ட்ஸ், பிளாக்டவுன் கடைகளிலிருந்து கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையில் சிரித்த பெண்மணி ஒரு நாள் சின்னப் பையில் புல் விதை கொண்டுவந்து, இதை அரைத்துத் தருவீர்களா என்று கேட்டார். தங்கள் ஆட்கள் மீண்டும் விளைவிக்கத் தொடங்கியிருக்கிறார்களாம். அன்றைக்கு உருளைகளைத் துடைத்து, வேறு எதையும் போடாமல், அந்த ஒரு பையை மட்டும் அரைத்துக் கொடுத்தோம். மாவைக் கையில் எடுத்து அவர் முகர்ந்த விதத்தைப் பார்த்து நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் நீங்கள் வேலையைத்தான் பேசினீர்கள். ஒரு நாள், "என்னைப் பாக்க வாற சனம் எல்லாம் அழுதுகொண்டு வருது. நீராவது சண்டை பிடிக்க வாரும்," என்றீர்கள். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனாலும் சல்லடை வலையை மாற்றுவதா வேண்டாமா என்று உங்களோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். நீங்கள் ஜெயித்தீர்கள். வலையை மாற்றினேன். நீங்கள் சொன்னதுதான் சரி. அதைச் சொல்ல மறுநாள் வந்தபோது உங்களுக்கு நினைவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இவ்வளவையும் தொடங்கிவிட்டு என்னை விட்டுப் போனதற்கு. இதை யாரிடமும் சொல்ல முடியாது, பைத்தியம் என்பார்கள்.

ஆனந்தும் அவருடைய ஆட்களும் கொடுப்பதாகச் சொன்ன விலை நல்ல விலை. நம் பெயரும் நம் முறையும் அவர்களுக்கு வேண்டும். ஆலை வேண்டாம். நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கள் தொழிற்சாலையிலேயே செய்துகொள்வார்களாம். நம் ஆலையில் வேலை செய்கிற ஏழெட்டுப் பேருக்கு வழி என்ன என்று கேட்டேன். பேக்கேஜ் கொடுப்போம் என்றார். கிரஹாமின் கோதுமை என்றேன். "சோர்சிங் நாங்க பாத்துக்கறோம் மேடம்," என்றார். எதற்கும் பதில் இருந்தது.

போன ஞாயிறு ஆலையிலேயே பங்குதாரர் கூட்டம் போட்டோம். நீங்கள் உட்காரும் கதிரையில் யாரும் உட்காரவில்லை. எனக்கு அது பிடிக்காமல் அதில் என் பையை வைத்தேன். விற்க வேண்டும் என்று பேசினவர் பரமநாதன் அங்கிள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் பஸ்ஸில் வந்தவர், அந்த இரண்டாம் வெள்ளியும் விபூதி பூசிக்கொண்டு வந்தவர். "பிள்ளை, எங்களுக்கு வயசு போட்டுது. எங்கட பிள்ளையளுக்கு இதில விருப்பமில்லை. மூண்டு மணித்தியாலம் ஓடி வாறதுக்கும் ஏலாது. நல்ல விலை வரேக்க குடுத்திட்டுப் போவம்," என்றார். அவருடைய மகள் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறையத் தலைகள் ஆடின.

நான் எழுந்தேன். வரைபடம் ஒன்றும் கொண்டுபோகவில்லை. இந்தக் கட்டடத்தில் இதே கேள்வி முன்னமே ஒரு முறை கேட்கப்பட்டது, இதே மாதிரி நல்ல விலை, இதே மாதிரி களைத்துப்போன நல்ல மனிதர்கள், விற்றார்கள், புறா குடியேறியது என்றேன். பணத்தை வாங்கிக்கொண்டு நாம் மறுபடி ஸ்பிரிங்வேல் அலமாரி முன்னால் போய் நிற்போம், நம் பெயர் போட்ட பைக்கற்றை நாமே விலை கொடுத்து வாங்குவோம், அதைச் செய்ய எனக்கு மனமில்லை என்றேன். ஆலை நஷ்டத்தில் போகலாம். மூட வேண்டி வந்தால் நாமே மூடுவோம். நம் கையால் மூடுவதற்கும் வேறொருவர் வந்து பூட்டுவதற்கும் எனக்கு வித்தியாசம் இருக்கிறது.

குடும்பத்துக்கு ஓர் ஓட்டு. கை தூக்கச் சொன்னோம். பரமநாதன் அங்கிள் விற்பதற்குக் கை தூக்கினார். அவருடைய மகள் போனைக் கீழே வைத்துவிட்டு, "Appa, no," என்று அவர் கையைப் பிடித்து இறக்கினாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம். அந்தக் குடும்பத்தின் ஓட்டு எந்தப் பக்கமும் விழவில்லை. மிகச் சொற்ப வித்தியாசத்தில் விற்பதில்லை என்று முடிவானது. தோற்றவர்கள் சிலர் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்கள். அவர்கள் வீட்டுக்கு நான் போக வேண்டும், ஒவ்வொரு வீடாக. அதற்கும் உங்களைப் போல வாய் எனக்கில்லை. எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன் அக்கா. கார்ச் சாவியைக் கொடுக்க எனக்கு ஆளில்லை, அன்று நானேதான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஆனந்துக்குப் போனில் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நம் மேல் இரக்கப்பட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"மேடம், ஓப்பனா ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "இதே ப்ராடக்ட நாங்களே பண்ண ஆரம்பிச்சிடுவோம். ரெண்டு வருஷத்துல நீங்க மூடிடுவீங்க. அது தெரிஞ்சுதான் வேண்டாம்னு சொல்றீங்களா?"

"ஓம்," என்றேன்.

"நீங்க சிலோனா மேடம்? கோயம்புத்தூர்னு சொன்னாங்களே."

"கோயம்புத்தூர்தானுங்க," என்றேன். "ரெண்டு வருஷம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அது வரைக்கும் அரைக்கிறதுக்கு எங்ககிட்ட கோதுமை இருக்கு. வெச்சிடறேன்."

போனை வைத்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்கே தெரிந்தது. பிறந்ததிலிருந்து ஆமா என்று சொல்லி வளர்ந்தவள் நான். அந்த ஓம் உங்களுடையது அக்கா. அதைத் திருப்பித் தரமாட்டேன்.